நொய்யல் படுகையில் ‘ஒரே நலம்’: கிருமிக்கு அப்பால்

மனிதர், கால்நடை, சுற்றுச்சூழல் ஆகியவற்றின் நலத்தைச் சேர்த்து ஆராயும் ‘ஒரே நலம்’ துறை, விலங்கிலிருந்து மனிதருக்குத் தொற்றும் நோய்களைச் சுற்றியே வளர்ந்தது. கால்வின் ஷ்வாபேயின் 1964ஆம் ஆண்டு நூல் முதல் நான்கு உலக அமைப்புகளின் 2022ஆம் ஆண்டுக் கூட்டுச் செயல்திட்டம் வரையிலான வரலாறு இம்மாநாட்டு அவை அறிந்ததே. ரேபிஸ், பறவைக் காய்ச்சல், கோழிப் பண்ணைகளின் மருந்தெதிர்ப்பு ஆகியவற்றுக்குத் தனி அமர்வுகள் உண்டு. கோழிப் பண்ணைகள் நிறைந்த பல்லடத்துக்கு இவ்வளவு அருகே கூடிய மாநாட்டில் அது முறையும்கூட. ஆனால் நொய்யல் ஆற்றோரத் திருப்பூரில் மூன்று நலங்களையும் ஒருசேரத் தாக்கியது கிருமி அன்று, உப்பு.

இங்குள்ள சாயப்பட்டறைகளில், பருத்தித் துணியில் சாயம் ஏற, சாயத்தொட்டியில் சோடியம் குளோரைடோ கிளாபர் உப்போ கொட்டப்படுகிறது. சாயம் துணியில் ஏறும்; உப்பு ஏறாது, ஏறக்குறைய முழுவதும் கழிவுநீரோடு வெளியேறும். நிறத்தைக் கண்டு ஊர் பதறியது. ஆய்வாளர் சிலரும் நிறத்தின் பின்னேயே போனார்கள். நிறமற்ற உப்போ கிணறுகளில் இறங்கிவிட்டது. 1992இல் பாசனத்துக்கென நொய்யலில் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சில ஆண்டுகளிலேயே சாயக்கழிவுத் தேக்கமாயிற்று. நொய்யல் பாசன உழவர்களான ஆயக்கட்டுதாரர்கள் நீதிமன்றம் சென்றனர். 2006இல் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு சொட்டுக் கழிவும் வெளியேறலாகாது என்றது. 2009இல் உச்ச நீதிமன்றம் அதற்கு உடன்பட்டது. 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூட உத்தரவு வந்தது. இவை சட்ட வரலாறாகவே எழுதப்பட்டுள்ளன, நலவியல் வரலாறாக அல்ல.

கிளாபர் உப்பு தரும் சல்பேட்டை மாட்டின் முதல் இரைப்பையிலுள்ள நுண்ணுயிர்கள் சல்பைடாக மாற்றுகின்றன. அது தாமிரச் சத்து உடலில் சேராமல் தடுக்கிறது. மிகுந்தால் மூளையையே சிதைக்கிறது. கொறங்காடு எனும் மேய்ச்சல் நிலத்தில் கொழுக்கட்டைப் புல் மேய்ந்துவிட்டுக் கிணற்றுத் தண்ணீர் குடிக்கும் காங்கயம் மாட்டுக்கு இது ஏட்டுச் செய்தி அன்று. வங்கதேசத்தின் தாகோப் பகுதியில் குடிநீரின் உவர்ப்புக்கும் கருவுற்ற பெண்களின் ரத்த அழுத்தத்துக்கும் தொடர்பு காட்டப்பட்டுள்ளது. அங்கே கடல் செய்ததை இங்கே சாயத்தொட்டி செய்தது.

இப்படுகையின் நிலத்தடி நீர் இயல்பிலேயே உவர்ப்பு என்று மதிப்புக்குரிய நிலவியலாளர் சிலர் நெடுங்காலம் வாதிட்டனர். வறண்ட பாறை நிலத்தில் அதில் ஓரளவு உண்மை உண்டு. ஆயினும் பாறை மட்டுமே காரணமானால், திருப்பூருக்கு மேற்கே இல்லாத கேடு ஆற்றோரமாகவே கிழக்கே நீண்டிருக்க வேண்டியதில்லை. மனித நோய்க்கு நேரடிச் சான்று இல்லை என்ற மருத்துவ வாதமும் உண்டு. ஒரே கிணற்றின் நீரையும், அதைக் குடித்த மாட்டையும், அதை இறைத்த குடும்பத்தையும் சேர்த்துப் பரிசோதிக்காத துறை, சான்று இல்லை என்று தீர்ப்புச் சொல்வது அவசரம்.

புறக்கணிக்கப்பட்ட ஆதாரம் ஒன்று கைக்கெட்டும் தொலைவிலேயே இருக்கிறது. வேலூர் தோல் கழிவு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இல் அளித்த தீர்ப்பையொட்டி அமைந்த சூழல் இழப்பு ஆணையம், நொய்யல் படுகையில் 28,000க்கும் மேற்பட்ட உழவர்களுக்கு இழப்பீடு கணித்தது. பொருளியலாளர்கள் அதை ரூபாய்க் கணக்காகப் படித்தார்கள். கால்நடை மருத்துவர்கள் படிக்கவே இல்லை. அக்கணக்கின் அடிப்படை நிலமும் விளைச்சலும்தான். இழப்பீட்டுக்குரிய ஊர்களின் பட்டியலோடு கால்நடை மருந்தகப் பதிவேடுகளையும் ஆரம்ப சுகாதார நிலையங்களின் பேறுகால அட்டைகளையும் பொருத்திப் பார்ப்பது, உடுமலைப்பேட்டை கால்நடை மருத்துவக் கல்லூரியின் மாணவர்க்கு எட்டும் வேலை. சாயக்கழிவுச் சுத்திகரிப்பு நிலையங்களில் பிரித்தெடுத்த கலப்பு உப்பு கிடங்குகளில் மூட்டைகளாகத் தேங்குவதால், உடனடி ஆய்வு தேவைப்படுவது அக்கிடங்குகளைச் சுற்றியுள்ள கிணறுகளில்தான்.