டைல்ஸுக்கு நடுவுல அந்த பிளாஸ்டிக் எதுக்கு?

போன எபிசோட்ல பாத்ரூம் வாட்டர் ப்ரூஃபிங் பத்திப் பேசினோம். அதுக்கு வந்த மெசேஜ்கள்ல பாதி வேற ஒரு கேள்வி. "டைல்ஸ் ஒட்டும்போது நடுவுல சிவப்பும் வெள்ளையுமா ஏதோ பிளாஸ்டிக் சொருகுறாங்க. அதுக்குத் தனியா காசு கேக்குறாங்க. கொடுக்கணுமா?"

கொடுங்க. ஆனா அது எதைச் செய்யும், எதைச் செய்யவே செய்யாதுன்னு தெரிஞ்சுக்கிட்டு கொடுங்க. ஏன்னா, சுவர் பெயின்ட் பிடிக்கலன்னா அடுத்த வருஷம் மாத்திக்கலாம். தரை அப்படி இல்ல. கலவை இறுகுறதுக்கு முன்னாடி ஒரு டைல்ஸை அசைக்கக் கிடைக்கிற நேரம் சில நிமிஷங்கள்தான். அதுக்கப்புறம் உளி, சுத்தியல், தூசி, திரும்பவும் செலவு. நான் சென்னையில சைட் இன்ஜினியரா இருக்கேன். இஎம்ஐ கட்டி வாங்கின வீட்ல, குடி போன முதல் வருஷமே தரையை உடைக்கிற குடும்பங்களை நேர்ல பாத்திருக்கேன்.

முதல்ல ஒரு குழப்பத்தைத் தீர்த்துடுவோம். அங்க இருக்கிறது ஒரு பொருள் இல்ல, ரெண்டு. கூட்டல் குறி மாதிரி, இல்ல 'டி' எழுத்து மாதிரி குட்டியா இருக்கிறது ஸ்பேசர். ரெண்டு டைல்ஸுக்கு நடுவுல இருக்கிற இடைவெளி எல்லா இடத்துலயும் ஒரே அளவா இருக்கணும்னு பாத்துக்கிறது அது. 2 மில்லிமீட்டர், 3 மில்லிமீட்டர்னு அளவு வாரியா பாக்கெட்ல வரும். இன்னொன்னு லெவலிங் கிளிப். அதுக்கு இடைவெளி முக்கியம் இல்ல, உயரம்தான் முக்கியம். பக்கத்துப் பக்கத்துல இருக்கிற ரெண்டு டைல்ஸோட விளிம்பு ஒண்ணு மேல, ஒண்ணு கீழன்னு இல்லாம சமமா நிக்க வைக்கிறது அதோட வேலை. கிளிப் போட்டாச்சு, ஸ்பேசர் வேண்டாம்னு சில இடத்துல சொல்வாங்க. கிளிப்போட தண்டும் அந்த இடைவெளிக்குள்ளதான் நிக்குது, உண்மைதான். ஆனா அது மெல்லிசான பிளாஸ்டிக். நேர்கோட்டைக் காப்பாத்துறதுக்கு அதை நம்ப முடியாது. ரெண்டும் வேணும்.

சரி, நம்ம தாத்தா பாட்டி வீட்ல இதெல்லாம் இல்லையே, தரை நல்லாத்தானே இருந்துச்சுன்னு கேப்பீங்க. சிவப்பு ஆக்சைடு தரையை எடுத்துக்கோங்க, அதுல ஜாயிண்டே கிடையாது. மொசைக் தரையில டைல்ஸைப் பதிச்சப்புறம் மெஷின் வெச்சு மொத்தத் தரையையும் தேய்ப்பாங்க. என் வயசுக்காரங்களுக்கு அந்தச் சத்தமும், வீடு முழுக்க ஓடுற சாம்பல் கலர் தண்ணியும் ஞாபகம் இருக்கும். மார்பிளும் அப்படித்தான், இன்னைக்கும் அப்படித்தான். பதிக்கும்போது ஒரு மில்லிமீட்டர் மேல கீழ இருந்தா, தேய்க்கிறப்போ அது கரைஞ்சு போயிடும். அதாவது மேஸ்திரி விட்டதை மெஷின் சரி பண்ணிடும்.

விட்ரிஃபைட் டைல்ஸ் வந்ததும் அந்த வழி அடைஞ்சு போச்சு. பளபளப்பும் டிசைனும் ஃபேக்டரியிலேயே முடிஞ்சு வருது. வீட்ல வந்து தேய்ச்சா அந்த மேல்பூச்சு போயிடும். பதிக்கிற அன்னைக்கு எப்படி நிக்குதோ, கடைசி வரைக்கும் அப்படியேதான் நிக்கும். கூடவே சைஸும் பெருசாகிட்டே போச்சு. ஒரு அடிக்கு ஒரு அடி, ரெண்டுக்கு ரெண்டு, இப்போ ரெண்டுக்கு நாலு அடி சாதாரணம். நாம வாங்குறதுல பெரும்பகுதி குஜராத்ல இருக்கிற மோர்பியில இருந்து வருது. அங்க சூளையில 1200 டிகிரி பக்கத்துல வேகுது. இவ்வளவு பெரிய மண் தகடு அந்தச் சூட்டுல வெந்து ஆறும்போது கண்ணாடி மாதிரி தட்டையா வராது. நடுவுல லேசா மேடு தட்டும், மூலை லேசா இறங்கும். தரநிலைகளே ஒரு அளவு வரைக்கும் அந்த வளைவை அனுமதிக்குது. ரெண்டு டைல்ஸை முகத்தோட முகம் வெச்சு அழுத்திப் பாருங்க, ஆடும்.

இதுல இருந்துதான் ஒரு முக்கியமான விஷயம் வருது. இன்ஸ்டாகிராம்ல பாத்துட்டு, நீளமான டைல்ஸை செங்கல் கட்டு மாதிரி பாதி பாதி தள்ளி ஒட்டணும்னு கேக்குறாங்க. மரப்பலகை டிசைன்ல ரொம்பக் கேக்குறாங்க. பாதி தள்ளினா என்ன ஆகும்? ஒரு டைல்ஸோட உயரமான நடுப்பகுதி, அடுத்த டைல்ஸோட தாழ்ந்த மூலைக்கு நேரா வந்து நிக்கும். எங்க வித்தியாசம் அதிகமோ, சரியா அங்கயே கொண்டு போய் சேர்க்கிறோம். அமெரிக்கத் தரநிலையான ஏஎன்எஸ்ஐ, 15 அங்குலத்துக்கு மேல நீளமான டைல்ஸை மூணுல ஒரு பங்குக்கு மேல தள்ள வேண்டாம்னு சொல்றது இதனாலதான். கிளிப் போட்டா அந்த வித்தியாசம் குறையும். ஆனா வெந்து வளைஞ்ச டைல்ஸை நிமித்துற சக்தி எந்தக் கிளிப்புக்கும் இல்ல.

கிளிப் வேலை செய்யிற விதம் ரொம்ப சிம்பிள். கீழ ஒரு மெல்லிசான தட்டு, அது டைல்ஸுக்கு அடியில போயிடும். அதுல இருந்து ஒரு தண்டு இடைவெளி வழியா மேல வரும், தண்டுல ஒரு ஓட்டை. அந்த ஓட்டையில ஆப்பு மாதிரி ஒரு துண்டைச் சொருகி, குறடு மாதிரி ஒரு கருவியால இறுக்குவாங்க. உயரமா இருக்கிற டைல்ஸைக் கீழ அழுத்தும், தாழ்வா இருக்கிறதை மேல இழுக்கும். மறுநாள் கலவை இறுகினதும் ரப்பர் சுத்தியால ஒரு தட்டு. தண்டு அடியில உடையறதுக்குன்னே பலவீனமா செஞ்ச இடத்துல ஒடிஞ்சு கையோட வந்துடும். தட்டு உள்ளேயே தங்கிடும். ஆப்பை திரும்ப யூஸ் பண்ணலாம், கிளிப்பை முடியாது. காசு கேக்குறது அதுக்குத்தான். தட்டும்போது இடைவெளி ஓடுற திசையிலேயே தட்டணும். குறுக்க தட்டினா டைல்ஸ் விளிம்பு சில்லு தெறிக்கும். சில சைட்ல ஷூ காலால உதைச்சு எடுக்கிறதைப் பாப்பீங்க. திசை சரியா இருந்தா அதுவும் ஓகேதான்.

"தாழ்வா இருக்கிறதை மேல இழுக்கும்"னு சொன்னேன் இல்லையா? பிரச்சினையே அந்த இடத்துலதான். இழுத்த டைல்ஸுக்கு அடியில என்ன இருக்கும்? கலவை கூடவே எழுந்து வராது. போதுமான பசை இல்லன்னா அங்க காத்துதான் இருக்கும்.

பெரும்பாக்கம் பக்கம் ஒரு ஃப்ளாட். அங்க கட்டின பில்டர் பேர் வேண்டாம். தரையைப் பாத்தா அவ்வளவு அழகு, ஒரு விளிம்பு கூடத் தட்டாது. ஒப்படைக்கும்போது கிளிப் போட்ட போட்டோவையெல்லாம் காட்டியிருக்காங்க. ஒரு வருஷம் கழிச்சு, ஏப்ரல் மாசம் மத்தியானம், ஹால் நடுவுல 'டம்'முனு ஒரு சத்தம். ரெண்டு டைல்ஸ் கூடாரம் மாதிரி நிமிர்ந்து நிக்குது. வீட்ல இருந்த அம்மா சிலிண்டர்தான் வெடிச்சுதுன்னு நெனச்சு வெளிய ஓடியிருக்காங்க. நான் போய்ப் பாத்தப்போ, ஒவ்வொரு டைல்ஸுக்கு அடியிலயும் அஞ்சு இடத்துல உருண்டை உருண்டையா பசை வெச்சிருந்தது தெரிஞ்சுது. மீதி முழுக்க வெற்றிடம். சுவர் ஓரத்துலயும் ஒரு மில்லிமீட்டர் கூட இடம் விடல. மேல அழகா இருந்ததுக்குக் காரணம் கிளிப். அடியில இருந்த குறையை ஒரு வருஷம் வெளிய தெரியாம மறைச்சதும் அதே கிளிப்தான்.

எங்க சைட்ல ஒரு மேஸ்திரி அண்ணன் இதை நான் சொல்றதைவிட நல்லா சொல்வார். "சார், கிளிப்பு டைல்ஸைத்தான் புடிக்கும். தளத்தைப் புடிக்காது." அவர் முதல்ல டியூப் மட்டம் பிடிப்பார், நூல் கட்டுவார், ரசமட்டம் வெச்சுப் பாப்பார். தளத்துல பள்ளம் இருந்தா அதை நிரப்பிட்டு ஒரு நாள் விட்டுட்டுத்தான் டைல்ஸைத் தொடுவார். பெரிய டைல்ஸுக்கு 10 அடி நீளத்துல 3 மில்லிமீட்டருக்கு மேல ஏற்ற இறக்கம் இருக்கக் கூடாதுன்னு தரநிலையில எழுதியிருக்கிறதை அவர் படிச்சதில்ல. படிச்ச என்னைவிட கரெக்டா செய்வார். ஆனா அவருக்குக் கூலி சதுர அடிக்கு. நூல் கட்டுற நேரத்துக்கும், தளம் காயக் காத்திருக்கிற நாளுக்கும் யாரும் காசு கொடுக்கிறதில்ல. கிளிப்புக்கு இவ்வளவுன்னு பில்லுல ஒரு வரி இருக்கு, மட்டம் பிடிக்கிறதுக்கு வரியே இல்ல. நீங்க நேரடியா ஆள் வெச்சு வேலை செய்யறவங்களா இருந்தா, தளம் சரி பண்றதுக்குத் தனி ரேட் பேசிடுங்க. உங்க தரைக்கு அது கிளிப்பைவிட முக்கியம்.

அடுத்தது இடைவெளி. "கேப்பே தெரியக் கூடாது, ஒட்டி ஒட்டிப் போடுங்க"ன்னு சொல்ற பழக்கம் நம்ம ஊர்ல ரொம்ப இருக்கு. அழுக்கு சேரும்னு பயம், புரியுது. ஆனா டைல்ஸ் சூட்டுல நீளும். ஒரு மீட்டர் நீளம், ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 0.007 மில்லிமீட்டர். ஒண்ணுமே இல்லாத மாதிரி தெரியுதா? 10 மீட்டர் மொட்டை மாடி, விடியற்காலைக்கும் மத்தியானத்துக்கும் 30 டிகிரி வித்தியாசம்னு போட்டுப் பாருங்க. 2 மில்லிமீட்டருக்கு மேல வருது. ஒட்டி ஒட்டிப் போட்டு, சுவரோரத்துலயும் இடம் விடலன்னா அது எங்க போகும்? மேலதான் போகும். வீட்டுக்குள்ள சூடு இவ்வளவு ஏறாது, ஆனா புதுக் கட்டடத்துல கான்கிரீட் காய்ஞ்சு சுருங்கும், லேசா வளையும். அந்த நெருக்கமும் டைல்ஸ் மேலதான் விழும்.

ஏஎன்எஸ்ஐ கணக்குப்படி எந்த டைல்ஸா இருந்தாலும் இடைவெளி 1.6 மில்லிமீட்டருக்குக் கீழ போகக் கூடாது. ஓரம் அரைச்சு அளவெடுத்து வர்ற ரெக்டிஃபைட் டைல்ஸுக்கு நான் 2 மில்லிமீட்டர் சொல்வேன். மத்ததுக்கு 3. டைல்ஸ் கலர்லயே கிரௌட் எடுத்தா ரெண்டடி தள்ளி நின்னு பாக்கிறவங்களுக்குத் தெரியாது. சுவரோரத்துல விடுற இடம் ஸ்கர்ட்டிங்குக்கு அடியில மறைஞ்சுடும், அதுக்குள்ள சிமெண்டை அடைக்க விடாதீங்க. பெரிய ஹாலா இருந்தா 20, 25 அடிக்கு ஒரு தடவை கிரௌட்டுக்குப் பதிலா வளைஞ்சு கொடுக்கிற சீலன்ட் போட்ட ஒரு கோடு வேணும். வெயில் படற மொட்டை மாடியில 8 முதல் 12 அடிக்கே ஒண்ணு.

வேலை நடக்கும்போது ஒரு அரை நாள் லீவு போட முடிஞ்சா, முதல் நாள் காலையில போங்க. கடைசி நாள் போய்ப் பிரயோஜனம் இல்ல. பல் வெச்ச கரண்டியால பசையை ஒரே திசையில கோடு கோடா இழுக்கிறாங்களா, டைல்ஸ் முதுகுலயும் மெல்லிசா தடவுறாங்களான்னு பாருங்க. பரப்பின பசையை விரலால தொட்டா ஒட்டணும். ஒட்டலன்னா மேல ஆடை கட்டிடுச்சுன்னு அர்த்தம், நம்ம மே மாசக் காத்துல அது சீக்கிரமே நடக்கும். ஒட்டின ஒரு டைல்ஸை உடனே பேத்துக் காட்டச் சொல்லுங்க. மேஸ்திரிகிட்ட மரியாதையா, "அண்ணே, ஒண்ணே ஒண்ணு எடுத்துப் பாத்துக்கலாமா"ன்னு கேட்டா யாரும் மறுக்க மாட்டாங்க. முதுகுல ஹால்ல குறைஞ்சது 80 சதவீதம், பாத்ரூம்ல 95 சதவீதம் பசை பிடிச்சிருக்கணும்.

கிளிப் எடுத்தப்புறம் செய்யிற செக் ஒண்ணு, இதுக்கு உங்க பர்ஸ் போதும். ஏடிஎம் கார்டோட தடிமன் 0.76 மில்லிமீட்டர். குறுகின இடைவெளி இருக்கிற தரையில ரெண்டு விளிம்புக்கு நடுவுல ஏஎன்எஸ்ஐ அனுமதிக்கிற உயர வித்தியாசம் ஒரு அங்குலத்துல 32-ல ஒரு பங்கு, அதாவது 0.8 மில்லிமீட்டர் பக்கம். டைல்ஸோட சொந்த வளைவை இதோட கூட்டிக்கலாம். தாழ்ந்த டைல்ஸ் மேல கார்டைப் படுக்க வெச்சு விளிம்போட ஒட்டித் தள்ளுங்க. பக்கத்து டைல்ஸ் கார்டைவிடத் தெளிவா உயர்ந்து நின்னா சாக்பீஸால ஒரு வட்டம் போடுங்க. அப்புறம் ஒரு நாணயத்தால எல்லா டைல்ஸையும் தட்டிப் பாருங்க, முக்கியமா மூலைகளை. பானை மாதிரி சத்தம் வந்தா அடியில காலி. இது ரெண்டையும் கிரௌட் போடறதுக்கு முன்னாடி, மிச்சக் காசு உங்க கையில இருக்கும்போதே செஞ்சுடுங்க.

எவ்வளவு கிளிப் வாங்கணும்னு கேட்டவங்களுக்கு: ரெண்டுக்கு நாலு அடி டைல்ஸ்னா நீளப்பக்கம் நாலு, அகலப்பக்கம் ரெண்டு. பக்கங்களைப் பக்கத்து டைல்ஸோட பங்கு போட்டுக்கிறதால ஒரு டைல்ஸுக்கு ஆறுன்னு கணக்கு வரும். 600 சதுர அடிக்கு 75 டைல்ஸ், 450 கிளிப். உடையறதுக்கு சேர்த்து 500-ஆ வாங்குங்க. தண்டோட தடிமன் ஸ்பேசர் அளவைவிட அதிகமா இல்லாம பாத்து எடுங்க. ஆப்பு 150, 200 இருந்தா போதும், ஒவ்வொரு நாளும் கழட்டி அடுத்த ரூமுக்குக் கொண்டு போயிடலாம்.