கல்விக் கடனும் முதல் சம்பளமும்

பொறியியல் கலந்தாய்வுக்குப் பதிவு செய்துவிட்டு, எந்தக் கல்லூரி, எந்தப் பாடப்பிரிவு என்று வீட்டில் பேசிக்கொண்டிருக்கிறீர்களா? கட்டணத்துக்கு வங்கிக் கடன்தான் வழி என்று முடிவாகிவிட்டதா? அப்படியானால் இந்த உரை உங்களுக்காகத்தான்.

கடன் வாங்கிப் படிப்பது தவறே இல்லை. நம் ஊரில் எத்தனையோ குடும்பங்களின் முதல் பட்டதாரி அப்படித்தான் படித்து மேலே வந்தார். அந்தக் கடனை எதோடு வைத்து எடை போடுவது என்பதில்தான் நாம் ஏமாந்துவிடுகிறோம்.

கல்லூரி விளம்பரப் பலகையில் ஒரு மாணவர் படமும், கீழே கொட்டை எழுத்தில் அவருடைய ஆண்டுச் சம்பளமும் இருக்கும். அது அந்த ஒருவருக்குக் கிடைத்தது. உங்கள் பிள்ளைக்கும் கிடைக்கட்டும். ஆனால் அதை நம்பிக் கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். பெரிய ஐ.டி. நிறுவனங்கள் கேம்பஸில் மொத்தமாக ஆள் எடுக்கும்போது தரும் தொடக்கச் சம்பளம், ஆண்டுக்கு 3 லட்சத்துக்கும் 4 லட்சத்துக்கும் இடையிலேயே பத்தாண்டுக்கு மேலாக நிற்கிறது. வீட்டு வாடகை அப்படி நிற்கவில்லை. பி.எஃப். முதலிய பிடித்தம் போக மாதம் கைக்கு வருவது 25,000 ரூபாய்க்கு முன்பின் இருக்கும்.

இப்போது கடன் பக்கம் வருவோம். ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு 1 லட்சம் வீதம் நான்கு ஆண்டுகளுக்கு 4 லட்சம், வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். படிப்பு முடிந்து ஓராண்டு வரை தவணை கட்ட வேண்டியதில்லை. ஆனால் வட்டி முதல் நாளிலிருந்தே ஏறும். தனிவட்டியாகவே கணக்கிட்டாலும், தவணை தொடங்கும்போது 1 லட்சத்து 40 ஆயிரம் வட்டி சேர்ந்து, கடன் 5 லட்சத்து 40 ஆயிரமாக நிற்கும். அதை ஏழு ஆண்டில் அடைக்க மாதம் சுமார் 9,000 ரூபாய் வேண்டும். பதினைந்து ஆண்டாக நீட்டினால் தவணை 5,800 ரூபாயாகக் குறையும். ஆனால் கட்டி முடிக்கும்போது மொத்தம் 10 லட்சத்தைத் தாண்டியிருக்கும். வாங்கியதோ 4 லட்சம்.

25,000 சம்பளத்தில் 9,000 தவணைக்குப் போனால், சென்னையிலோ பெங்களூரிலோ விடுதி வாடகையும் சாப்பாடும் போக ஊருக்கு அனுப்ப என்ன மிஞ்சும்? என் கருத்து இது: முதல் சம்பளத்தில் தவணை கால் பங்கைத் தாண்டக் கூடாது. தாண்டுமானால் கடனைக் குறையுங்கள், இல்லாவிட்டால் கல்லூரியை மாற்றுங்கள்.

குறைக்க வழி இருக்கிறது. படிக்கும் காலத்திலிருந்தே, தவணை தொடங்கும் வரை வட்டியை மட்டும் மாதாமாதம் கட்டிவரலாம். முதல் ஆண்டில் அது சுமார் 830 ரூபாய், கடைசி ஆண்டில் 3,300 ரூபாய். அப்படிக் கட்டினால் ஏழாண்டுத் தவணை சுமார் 6,600 ஆக இறங்கும். பல வங்கிகள் வட்டியில் 1 சதவீதம் சலுகையும் தருகின்றன. அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால், கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் தமிழக அரசே ஏற்கிறது. முதல் பட்டதாரிக்கும் கட்டணச் சலுகை உண்டு. குடும்ப ஆண்டு வருமானம் நாலரை லட்சத்துக்குள் இருந்தால், தரச்சான்று பெற்ற கல்லூரிகளில் படிப்போருக்குப் படிப்புக் கால வட்டியை மத்திய அரசு ஏற்கும் திட்டமும் இருக்கிறது. வங்கி மேலாளரிடம் நீங்களே கேளுங்கள். கலந்தாய்வை விட்டு நிர்வாக ஒதுக்கீட்டுக்குப் போனால் முதல் பட்டதாரி சலுகையும், 7.5 சதவீத ஒதுக்கீடும் கைநழுவும். நன்கொடை என்று கேட்கும் பணத்துக்கோ வங்கி கடன் தராது. அது நகையிலோ கந்துவட்டியிலோதான் போய் முடியும்.

கடனில் தந்தையோ தாயோ கூட்டாகக் கையெழுத்திடுகிறார்கள். பிள்ளை தவணை தவறினால் சிபில் மதிப்பெண் இருவருக்குமே இறங்கும். நாளை தங்கைக்குக் கல்விக் கடன் கேட்டுப் போகும்போது அது குறுக்கே நிற்கும்.

கல்லூரியின் உண்மை நிலையை எப்படி அறிவது? மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசைக்கு விண்ணப்பிக்கும் கல்லூரிகள் தங்கள் விவரங்களை இணையதளத்தில் வெளியிட வேண்டும். அதில் மூன்று எண்களைத் தேடுங்கள்: சேர்ந்தவர்களில் உரிய காலத்தில் பட்டம் பெற்றவர் எத்தனை பேர், அவர்களில் வேலை பெற்றவர் எத்தனை பேர், வேலை பெற்றோரின் இடைநிலைச் சம்பளம் எவ்வளவு. இடைநிலைச் சம்பளம் என்றால், வேலை கிடைத்த நூறு பேரைச் சம்பள வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பவர் வாங்குவது. அரியர் வைத்து நின்றவர்களும் வேலை கிடைக்காதவர்களும் அந்தச் சம்பளக் கணக்கில் வரமாட்டார்கள். அதனால் மூன்றையும் சேர்த்தே பாருங்கள்.

கலந்தாய்வில் விருப்பப் பட்டியலை உறுதி செய்வதற்கு முன், பட்டியலில் உள்ள ஒவ்வொரு கல்லூரிக்கும் இந்த மூன்று எண்களையும் எழுதி, பக்கத்தில் மாதத் தவணையையும் எழுதுங்கள். அம்மாவும் அப்பாவும் பிள்ளையும் சேர்ந்து உட்கார்ந்து எழுதுங்கள். இந்த எண்களைச் சொல்ல மறுக்கும் கல்லூரியைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள்.