குச்சியும் துப்பாக்கியாகும்

தீபாவளி நெருங்கினால் காரைக்கால் கடைகளில் பொட்டு வெடித் துப்பாக்கிகள் தொங்கும். பிள்ளைக்கு வாங்கித் தரலாமா என்று பெற்றோருக்குத் தயக்கம். தயக்கம் இயல்புதான்; 1760-இல் போரிட்டுப் பிரெஞ்சுக்காரரிடமிருந்து ஆங்கிலேயர் பிடித்த ஊர் இது. போர் நமக்கு வெறும் கதையல்ல.

சுவீடனில் 1979-இல் போர்ப் பொம்மைகளை விற்பதில்லை என்று வணிகர்கள் அரசோடு உடன்பட்டார்கள். ஆனால் பொம்மையைப் பிடுங்கினால் முருங்கைக்குச்சியே துப்பாக்கியாகிவிடுமே! லண்டன் மழலையர் பள்ளிகளைக் கவனித்த பென்னி ஹாலண்ட், அங்கே துப்பாக்கி விளையாட்டுக்கு இருந்த தடையைத் தளர்த்தியபோது குழந்தைகளின் கற்பனை விளையாட்டு விரிந்ததை 2003-இல் நூலாக எழுதினார். எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது.

பிள்ளை சுட்டு விளையாடினால் பதறாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, "அடிபட்டவங்களை யாரு தூக்கிட்டுப் போறது, தம்பி?" என்று கேளுங்கள். ஆம்புலன்ஸ் ஓட்ட ஒருவன் வருவான். முகத்துக்கு நேரே சுடுவதை மட்டும் உடனே நிறுத்துங்கள். பொட்டு வெடியின் பொறி நிஜம்.