நெட் வரவில்லை என்றால் முதலில் விளக்கைப் பாருங்கள்

(அறக்கட்டளை வழியாக மேசைக் கணினி பெற்ற மாணவர்களுக்கும் அவர்களின் பெற்றோருக்கும் நடந்த வழிகாட்டல் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



உங்கள் வீட்டுக்கு வந்திருக்கும் கணினிகள் பெரும்பாலும் அலுவலகங்களில் ஓடிக்கொண்டிருந்தவை. அவர்கள் புதியது வாங்கியபோது பழையதை நமக்குக் கொடுத்தார்கள். நல்ல கணினிகள்தாம். ஆனால் அவற்றில் பலவற்றில் வைஃபை கிடையாது. சுவரில் மாட்டிய நெட் பெட்டியிலிருந்து ஒரு கேபிள் வந்து கணினியின் பின்பக்கம் சொருகினால்தான் இணையம். அந்தக் கணினிகளைச் சரிபார்த்துக் கொடுக்கும் வேலையைச் செய்பவர்களில் நானும் ஒருவன் என்பதால், எனக்கு வரும் தொலைபேசி அழைப்புகள் ஒரே மாதிரி இருக்கும். “காக்கா, நெட்டு வரமாட்டேங்குது” என்பது முதல் வாக்கியம். “நாளைக்குத்தான் கடைசித் தேதி” என்பது இரண்டாவது.

கல்வி உதவித்தொகைக்குப் புதுப்பித்தல், பொறியியல் கலந்தாய்வுக்குக் கல்லூரி விருப்பப் பட்டியல், தேர்வு விண்ணப்பம் என்று எல்லாமே இன்று இணையத்தில்தான். கடைசித் தேதி தாண்டினால் ஒரு வருடம் போகும். அதனால் இன்று நான் பேசப்போவது ஒரே விஷயம். நெட் நின்றுவிட்டால், கோளாறு எந்த இடத்தில் என்று வீட்டிலேயே எப்படிக் கண்டுபிடிப்பது? பிறகு சரிசெய்வதைப் பெரும்பாலும் நீங்களே செய்துவிடலாம். முடியாவிட்டாலும், தேவையில்லாத வேலைக்குப் பணம் கொடுக்க மாட்டீர்கள்.

வழியை முதலில் மனத்தில் வரைந்துகொள்ளுங்கள். தெருவிலிருந்து கண்ணாடி இழை வீட்டுப் பெட்டிக்கு வருகிறது. பெட்டியிலிருந்து கேபிள் கணினிக்கு வருகிறது. கணினிக்குள் விண்டோஸ் அதை எடுத்துப் பயன்படுத்துகிறது. இந்த மூன்று துண்டில் எது அறுந்தாலும் திரையில் நமக்குத் தெரிவது ஒன்றுதான்: பக்கம் திறக்கவில்லை.

முதல் துண்டைப் பார்க்க அரை நிமிடம் போதும். அதே பெட்டியின் வைஃபையில் கைப்பேசி வேலை செய்கிறதா என்று பாருங்கள். பார்க்கும் முன் கைப்பேசியின் மொபைல் டேட்டாவை அணைத்துவிடுங்கள். அணைக்காவிட்டால் அது சிம் வழியாக ஓடிக்கொண்டு உங்களை ஏமாற்றும். கைப்பேசியிலும் வரவில்லை என்றால் பெட்டியில் எல்.ஓ.எஸ். என்று எழுதிய விளக்கைப் பாருங்கள். அது சிவப்பாக எரிந்தாலோ மினுக்கினாலோ தெருவிலிருந்து வரும் ஒளி உங்கள் பெட்டிக்கு வந்து சேரவில்லை. கண்ணாடி இழை எங்கோ உடைந்திருக்கலாம், மடங்கியிருக்கலாம். இணைப்புக் கொடுத்தவரைக் கூப்பிடுங்கள். “எல்.ஓ.எஸ். சிவப்பு” என்று சொன்னாலே அவருக்கு விளங்கும். கணினியைத் தொடவே வேண்டாம்.

கைப்பேசியில் வருகிறது, கணினியில் வரவில்லை என்றால் நாம் இரண்டாவது துண்டுக்கு வருகிறோம். அதிகமான கோளாறு இங்கேதான். கணினியின் பின்னால் கேபிள் சொருகும் ஓட்டைக்குப் பக்கத்தில் சின்னதாக ஒன்றிரண்டு விளக்குகள் இருக்கும். நிறம் கணினிக்குக் கணினி மாறும். நிறத்தைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். எரிகிறதா இல்லையா என்பதுதான் கேள்வி. பெட்டியிலும் அந்தக் கேபிள் சொருகிய இடத்துக்கு ஒரு விளக்கு உண்டு.

இந்த விளக்கைப் பற்றி ஒரு விஷயம் சொல்கிறேன். கணினியை ஆன் செய்ததும் நிறுவனத்தின் சின்னம் திரையில் வரும் அல்லவா? பெரும்பாலான கணினிகளில் அந்த நேரத்திலேயே இந்த விளக்கு எரிந்துவிடும். விண்டோஸ் அப்போது இன்னும் எழுந்திருக்கவே இல்லை. ஆகவே சின்னம் தெரியும்போதே விளக்கு செத்துக் கிடந்தால், கேபிளையோ, இரண்டு பக்கத்து ஓட்டைகளையோதான் சந்தேகிக்க வேண்டும். வைரஸ் இருக்கிறது, விண்டோஸ் கெட்டுவிட்டது, ஃபார்மட் அடிக்க வேண்டும் என்று யார் சொன்னாலும் அந்த நேரத்தில் தலையாட்டாதீர்கள்.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. தையல் வேலை பார்த்து மகனைப் படிக்கவைக்கும் ஒரு ராத்தா. மகன் பாலிடெக்னிக் மாணவன். வீட்டில் நெட் வரவில்லை என்று கணினியை ஆட்டோவில் ஏற்றிக் கடைக்குக் கொண்டுபோனார்கள். கடையில் விண்டோஸை அழித்துப் புதிதாகப் போட்டார்கள். நெட் அருமையாக வந்தது. பணம் கொடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்தால் மறுபடியும் வரவில்லை. மகன் எழுதி வைத்திருந்த ப்ராஜெக்ட், ஸ்கேன் செய்த சான்றிதழ்கள் எல்லாம் ஃபார்மட்டில் போய்விட்டன. கடையில் ஓடியது, வீட்டில் ஓடவில்லை. என்ன வித்தியாசம்? கடையில் சொருகியது கடைக்காரருடைய கேபிள். இவர்களுடைய கேபிள் வீட்டிலேயே தரையில் கிடந்தது. அதன் முனையில் இருக்கும் பிளாஸ்டிக் கொக்கி ஒடிந்துபோய், பிளக் கொஞ்சமாக வெளியே நழுவியிருந்தது. அவ்வளவுதான் கோளாறு.

கேபிளின் இரண்டு முனையையும் கழற்றி, ‘டிக்’ என்று சத்தம் கேட்கும்வரை அழுத்திச் சொருகுங்கள். சத்தம் கேட்கவில்லையென்றால் கொக்கி ஒடிந்திருக்கிறது. பெட்டியில் வேறு ஓட்டைக்கு மாற்றிப் பாருங்கள். ஆனால் தொலைபேசிக்கென்று இருக்கும் சின்ன ஓட்டை வேண்டாம். தனியாக ரவுட்டர் வைத்திருப்பவர்கள், ‘வேன்’ என்று எழுதிய ஓட்டையில் கணினியைச் சொருகியிருக்கிறோமா என்றும் பாருங்கள். அது வெளியிலிருந்து இணையம் உள்ளே வரும் வாசல். கணினிக்கு ‘லேன்’ என்று எழுதியவைதாம். பிறகு வேறு கேபிள். பக்கத்து வீட்டில் ஐந்து நிமிடம் கடன் கேட்டால் கொடுப்பார்கள். வேறு கேபிளில் விளக்கு எரிந்தால் விஷயம் முடிந்தது.

கேபிள் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே அறுந்திருக்கும். கதவிடுக்கில் நசுங்கியது, கட்டில் கால் ஏறியது, எலி கடித்தது, சுவரில் ஆணி அடித்தபோது குத்தியது என்று எல்லாமே பார்த்திருக்கிறேன். உள்ளே எட்டுக் கம்பிகள், இரண்டிரண்டாக முறுக்கிய நான்கு ஜோடி. நொடிக்கு 100 மெகாபிட் வேகத்துக்கு இரண்டு ஜோடி போதும். 1000 மெகாபிட்டுக்கு நான்கு ஜோடியும் வேண்டும். இதனால் ஒரு விசித்திரம் நடக்கும். மற்ற இரண்டு ஜோடியில் ஒரு கம்பி அறுந்திருந்தால், கணினியும் பெட்டியும் 1000-க்கு முயன்று முயன்று தோற்கும். விளக்கு எரியும், அணையும், எரியும். கடைசித் தேதி இரவில், கடையும் மூடிய நேரத்தில் இப்படி நடந்தால் ஒரு வழி உண்டு. டிவைஸ் மேனேஜரில் நெட்வொர்க் அடாப்டரின் ப்ராப்பர்ட்டீஸ், அதில் அட்வான்ஸ்டு, அதில் ‘ஸ்பீடு அண்டு டூப்ளெக்ஸ்’. அதை 100 மெகாபிட் ஃபுல் டூப்ளெக்ஸ் என்று மாற்றுங்கள். இணைப்பு நின்றுவிட வாய்ப்பு அதிகம். விண்ணப்பத்தை அனுப்புங்கள். மறுநாள் கேபிளை மாற்றிவிட்டு, அந்த அமைப்பைப் பழையபடி ‘ஆட்டோ’வுக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.

இந்த முறைக்கு ஈதர்நெட் என்று பெயர். 1973-ல் அமெரிக்காவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் ராபர்ட் மெட்காஃப், டேவிட் பாக்ஸ் என்ற இருவர் உருவாக்கியது. ஐம்பது ஆண்டு தாண்டியும் நிற்கிறது. வைஃபை இருந்தாலும் பரீட்சை எழுதும் பிள்ளைக்கு நான் கம்பியையே சிபாரிசு செய்வேன். சுவரும் பக்கத்து வீட்டு சிக்னலும் அதைக் குழப்பாது.

நல்ல கேபிள் போட்டும் விளக்கு எரியவில்லையா? கணினியை ஷட்டவுன் செய்து, மின்வயரைச் சுவரிலிருந்து பிடுங்கி, பவர் பட்டனை இருபது நொடி அழுத்திப் பிடியுங்கள். ஒரு நிமிடம் விட்டு மறுபடி போடுங்கள். மின்சாரம் போய்ப் போய் வந்ததில் லேன் சில்லு உறைந்து நின்றிருந்தால் எழுந்துகொள்ளும். அதற்கும் எழவில்லை என்றால் அந்த ஓட்டையே போயிருக்கலாம். மழைக்காலத்தில் இடி இறங்கிய இரவுக்குப் பிறகு இது நடக்கும். அப்போதும் மதர்போர்டு மாற்ற வேண்டாம். யு.எஸ்.பி.யில் சொருகும் லேன் அடாப்டர் சில நூறு ரூபாய்தான்.

இனி மூன்றாவது துண்டு. விளக்கு எரிகிறது, ஆனால் நெட் இல்லை. இங்கேதான் உங்கள் கணினிகள் அலுவலகத்திலிருந்து வந்தவை என்பது முக்கியமாகிறது.

தேடும் இடத்தில் சி.எம்.டி. என்ற மூன்று எழுத்தைத் தட்டினால் கறுப்புத் திரை ஒன்று வரும். பயப்பட வேண்டாம், அதில் நாம் பார்க்க மட்டும்தான் போகிறோம். ஐ.பி. என்ற இரண்டு எழுத்தையும் கான்ஃபிக் என்பதையும் இடைவெளி விடாமல் ஆங்கிலத்தில் தட்டி என்டர் அடியுங்கள். ‘ஐ.பி.வி.4 அட்ரஸ்’ என்ற வரியில் உள்ள எண்ணைப் படியுங்கள். வீட்டுப் பெட்டி கொடுக்கும் எண் பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும். 169.254 என்று தொடங்கினால், கணினி பெட்டியிடம் முகவரி கேட்டிருக்கிறது, பதில் வரவில்லை, தானே ஒன்றை வைத்துக்கொண்டது என்று பொருள். பெட்டியை அணைத்து, ஒரு நிமிடம் கழித்துப் போடுங்கள். பிறகு கணினியை ரீஸ்டார்ட் செய்யுங்கள். அதற்கும் மாறாவிட்டால் மறுபடி கேபிளைத்தான் சந்தேகிப்பேன்.

எண் வேறு ஏதோவாக, எத்தனை முறை ரீஸ்டார்ட் செய்தாலும் அசையாமல் இருக்கிறதா? அது பழைய அலுவலகத்தின் முகவரி. அங்கே ஒவ்வொரு கணினிக்கும் கையால் எண் போட்டு வைத்திருப்பார்கள். கணினி வீடு மாறிவிட்டது, முகவரி மாறவில்லை. விண்டோஸ் பொத்தானையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தி, என்.சி.பி.ஏ. புள்ளி சி.பி.எல். என்று அடித்தால் ஈதர்நெட் படம் வரும். படமே மங்கலாக இருந்தால் யாரோ அதை முடக்கியிருக்கிறார்கள். வலது க்ளிக் செய்து ‘எனேபிள்’ கொடுங்கள். இல்லையென்றால் ப்ராப்பர்ட்டீஸ், அதில் ‘இன்டர்நெட் ப்ரோட்டோகால் வெர்ஷன் 4’. மேலே முகவரிக்கும் கீழே டி.என்.எஸ்.ஸுக்கும், இரண்டுக்குமே ‘ஆட்டோமேட்டிக்கலி’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். பலர் மேலே மாற்றிவிட்டுக் கீழே விட்டுவிடுகிறார்கள். டி.என்.எஸ். என்பது இணையதளத்தின் பெயரைச் சொன்னால் அதன் எண்ணைத் தேடிக் கொடுக்கும் முகவரிப் புத்தகம். பழைய அலுவலகத்தின் புத்தகத்தை உங்கள் வீட்டிலிருந்து திறக்க முடியாது. அது எப்படித் தெரியும் என்றால், அதே கறுப்புத் திரையில் பிங் என்று ஆங்கிலத்தில் எழுதி, இடைவெளி விட்டு 8.8.8.8 என்று அடியுங்கள். பதில் வருகிறது, ஆனால் உலாவியில் ஒரு தளமும் திறக்கவில்லை என்றால் டி.என்.எஸ்.ஸையோ ப்ராக்ஸியையோ பாருங்கள். ப்ராக்ஸியும் அலுவலகத்தின் மிச்சம்தான். செட்டிங்ஸில் நெட்வொர்க் பகுதியில் ப்ராக்ஸி என்று இருக்கும். ‘யூஸ் எ ப்ராக்ஸி சர்வர்’ ஆன் ஆகியிருந்தால் அணைத்துவிடுங்கள்.

இன்னொன்று, பழைய கணினிக்கே உரியது. திரையின் மூலையில் தேதியைப் பாருங்கள். மின்சாரம் போய் வரும்போதெல்லாம் தேதி பல வருடம் பின்னால் போகிறது என்றால், உள்ளே இருக்கும் நாணயம் போன்ற பேட்டரி தீர்ந்துவிட்டது. தேதி தப்பாக இருந்தால் அரசுத் தளங்களும் வங்கித் தளங்களும் ‘பாதுகாப்பற்றது’ என்று சொல்லித் திறக்காது. ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு சான்றிதழ் உண்டு. அது செல்லும் காலத்துக்கு வெளியே நிற்கிறது உங்கள் கணினியின் கடிகாரம். இப்போதைக்குத் தேதியைத் திருத்துங்கள். பிறகு சி.ஆர்.2032 என்று கேட்டால் கடிகாரக் கடையிலும் கிடைக்கும்.

எதுவுமே கைகொடுக்கவில்லை, மணி பதினொன்று என்றால், ஆண்ட்ராய்டு கைப்பேசியைச் சார்ஜர் வயரால் கணினியில் சொருகி, செட்டிங்ஸில் ‘யு.எஸ்.பி. டெதரிங்’ ஆன் செய்யுங்கள். சார்ஜ் மட்டும் ஏற்றும் மலிவு வயரில் இது வராது. கைப்பேசியின் இணையம் கணினிக்கு வந்துவிடும். அதில் தளங்கள் திறந்தால் உங்கள் விண்டோஸும் உலாவியும் நலம் என்பதும் தெரிந்துவிடும். கடையில் போய் நிற்கும்போது இதைச் சொல்லுங்கள்.

பிள்ளைகளுக்கு: இதையெல்லாம் உம்மாவுக்கும் ஒரு முறை காட்டிக் கொடுங்கள். நீங்கள் விடுதியில் இருக்கும்போது தம்பி தங்கைக்கு அவர்தான் பார்க்க வேண்டியிருக்கும். இடி மின்னல் தொடங்குமுன் மின்வயரோடு சேர்த்து லேன் கேபிளையும் பிடுங்கி வைப்பது அவருக்கே நன்றாக வரும்.

நம் அலுவலகத்தில் கேபிள் டெஸ்டர் ஒன்று இருக்கிறது. எட்டுக் கம்பியையும் ஒவ்வொன்றாகச் சோதித்து, எது அறுந்தது என்று காட்டும். முனை மட்டும் கெட்டிருந்தால் அங்கேயே வெட்டிப் புது முனை போட்டுத் தருகிறோம். சனிக்கிழமை அஸருக்குப் பிறகு இருப்போம். வரும்போது கேபிளைச் சுருட்டி ஒரு பையில் போட்டுக்கொண்டு வாருங்கள். கணினியைத் தூக்கி வர வேண்டாம்.