சத்தத்தைக் கீறலாமா?

(நூற்றாண்டு விழாவில், பழைய மாணவியான சித்திர ஆசிரியை ஒருவர் நிகழ்த்திய உரை)



இரண்டு உருவங்களை மனதில் நினையுங்கள். ஒன்று மேகம்போல உருண்டது. மற்றது உடைந்த கண்ணாடிபோலக் கூர்கூரானது. ஒன்றின் பெயர் பூபா, மற்றதன் பெயர் கிக்கி. எது எது? உருண்டதைப் பூபா என்று இதற்குள் முடிவுசெய்திருப்பீர்கள். தமிழ்நாட்டில் பிறந்த நரம்பியல் அறிஞர் வி. எஸ். ராமச்சந்திரனும் எட்வேர்ட் ஹபார்டும் 2001இல் எழுதிய கட்டுரையில், 95 வீதமானோர் இப்படியே தெரிவதாகச் சொன்னார்கள். அமெரிக்க மாணவரிடம் மட்டுமன்றித் தமிழ் பேசுவோரிடமும் கேட்டுப் பார்த்தார்கள்.

எங்களுக்கு இது பெரிய புதினமில்லை. தொட்டு அறியும் வன்மையையும் மென்மையையும் காதால் கேட்கும் எழுத்துக்குப் பெயராக்கி, வல்லினம் மெல்லினம் என்றது எங்கள் இலக்கணம். பூபாவில் வருவதும் வல்லினம்தானே என்று தமிழ் ரீச்சர் மடக்கக்கூடும். அங்கே உதடு குவிவதே உருட்சியைத் தருகிறது என்பது ஒரு விளக்கம்.

2010இல் முகாமிலிருந்து ஊர் திரும்பித் தகரக் கொட்டிலில் வகுப்பு நடத்தினோம். "சத்தத்தைக் கீறுங்கோ, சத்தம் போட்ட பொருளைக் கீறவேண்டாம்" என்றேன். குயில் தாளின் உச்சியில் மெல்லிய மஞ்சள் கோடாயிற்று. கோயில் பறை அடியில் பெரிய கரிய வட்டங்களாயிற்று. உயர்ந்த சுருதியைச் சிறிதாக, வெளிச்சமாக, மேலே வைப்பதைப் பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன. பிள்ளைகளுக்கு நான் அதைச் சொல்லியிருக்கவில்லை.

கிபிரையும் கீறினார்கள். விமானம் இல்லை, தாள் கிழியுமளவுக்கு அழுத்திய ஒரே கோடு. இதை வைத்தியம் என்று சொல்லமாட்டேன். படம் பார்த்து மனதை வாசிக்க நான் படித்தவளும் அல்ல. ஆனால் அதுவரை வாய் திறக்காதவளின் தாளைப் பார்த்துப் பக்கத்து வாங்கில் இருந்தவள் தன்னுடையதையும் நீட்டினாள்.

ஷெல் விழுந்து செவிப்புலன் குறைந்த மாணவி ஒருத்தியும் அந்த வகுப்பில் இருந்தாள். மிருதங்கத் தோலில் உள்ளங்கையை வைத்து அதிர்வை உணர்ந்து கீறினாள். எங்களுடையவை போலவே வட்டங்கள்தான். அவற்றின் விளிம்பில் மயிர்போலச் சிறு கோடுகள். "கை கூசுது" என்றாள். காது கேட்கும் எங்களில் ஒருவரும் அதைக் கீறவில்லை.

நூற்றாண்டு நிதியில் கணினி அறை கட்டுவதை நான் மறுக்கவில்லை. அப்படியான பிள்ளைகள் உள்ள வகுப்புகளில் சங்கீதமும் சித்திரமும் வாரம் ஒருதடவை ஒன்றாக நடக்கட்டும். பெரிய தாளும் பஸ்டலும் வாங்கச் சிறு தொகை போதும்.

பின்வாங்கில் தாள்கள் வைத்திருக்கிறேன். மணியென்று நாங்கள் அடித்த தண்டவாளத் துண்டை மறந்திருக்கமாட்டீர்கள். சாப்பாட்டுக்குப் போகுமுன் அதன் சத்தத்தைக் கீறித் தாருங்கள். படித்த ஆண்டையும் மூலையில் எழுதிவிடுங்கள்.