போர் ஓய்ந்த பின் எழும் குரல்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஒரு சிற்றூரில் ஓர் இலக்கிய வட்டம் பத்தாண்டுகள் நின்று நிலைப்பது எளிய செயலன்று. அந்நிறைவைக் கொண்டாடும் இந்நாளில், நம் மண்ணுக்கு மிக நெருக்கமானதும் நம் கவிதைகளில் போதிய இடம் பெறாததுமான ஒரு பொருளைப் பற்றிப் பேச விழைகிறேன். போர் ஓய்ந்த பின் பெண்களுக்கு நேர்வது என்ன, அதை இலக்கியம் எவ்வாறு பதிவு செய்திருக்கிறது என்பதே அப்பொருள்.

நம் வட்டாரம் வீரம் விளைந்த மண் என்று மேடைதோறும் சொல்லக் கேட்கிறோம். அது உண்மையே. அருகிலுள்ள நெற்கட்டும்செவல் பூலித்தேவரின் ஊர். வாசுதேவநல்லூரும் நெற்கட்டும்செவலும் பனையூரும் 1761ஆம் ஆண்டில் யூசுப்கானின் படையிடம் வீழ்ந்தன. கிழக்கே ஓட்டப்பிடாரத்தை அடுத்துப் பாஞ்சாலங்குறிச்சி. இவ்வூர்களின் வீரர்களைப் பாடிய கவிதைகளுக்குக் குறைவில்லை. ஆனால் அக்கவிதைகள் பெரும்பாலும் கோட்டை விழும் நாளோடு முடிந்துவிடுகின்றன. கோட்டை விழுந்த மறுநாள் அங்கே யார் இருந்தார்கள்? களத்தில் கிடந்த உடல்களை யார் புரட்டிப் பார்த்தார்கள்? அன்று மாலை யார் வீட்டில் உலை வைத்தார்கள்? இந்த மறுநாளைப் பற்றியே நான் பேசப் போகிறேன்.

மறுநாளையே நாடகமாக்கியவர்கள் பண்டைக் கிரேக்கர்கள். கி.மு. 480இல் சலாமிஸ் கடற்போரில் பாரசீகப் பெரும்படையைக் கிரேக்கர் முறியடித்தனர். எட்டாண்டுகள் கழித்து, கி.மு. 472இல், எஸ்கிலஸ் 'பாரசீகர்கள்' என்னும் நாடகத்தை ஏதென்ஸ் நகரில் அரங்கேற்றினார். அவர் மாரத்தான் களத்தில் பாரசீகரை எதிர்த்துப் போரிட்டவர். வென்றவர்களின் ஊரில், வென்ற படையைச் சேர்ந்த ஒருவர் எழுதிய அந்நாடகம் நிகழுமிடம் ஏதென்ஸ் அன்று. தோற்ற பாரசீகரின் தலைநகரம். அங்கே அரசனின் தாய் தூதுவன் கொணரும் அழிவுச் செய்தியைக் கேட்டு நிற்கிறாள். அந்நாடகத்தில் வெற்றிக் களிப்பும் கலந்திருக்கிறது என்று சொல்வோர் உண்டு. இருப்பினும், எதிரியின் வீட்டுக்குள் சென்று ஒரு தாயின் அச்சத்தைக் காண ஏதென்ஸ் மக்களை அவர் அழைத்தார் என்பதை மறுக்க இயலாது.

அடுத்த தலைமுறையில் யூரிபிடிஸ் இன்னும் துணிந்தார். கி.மு. 416இல் ஏதென்ஸ் படை மெலோஸ் என்னும் சிறு தீவை முற்றுகையிட்டது. தீவு பணிந்தபின் வயது வந்த ஆடவரைக் கொன்றது. பெண்களையும் குழந்தைகளையும் அடிமைகளாக விற்றது. இதை எழுதி வைத்தவர் துசிடிடிஸ் என்னும் ஏதென்ஸ் வரலாற்றாசிரியரே. இதை அடுத்து வந்த கி.மு. 415ஆம் ஆண்டு இளவேனில் விழாவில் யூரிபிடிஸின் 'டிராய் நாட்டுப் பெண்கள்' அரங்கேறியது. அதில் போர்க்காட்சி ஒன்றுகூட இல்லை. நாடகம் தொடங்கும்போதே நகரம் வீழ்ந்துவிட்டது. அரசி ஹெக்குபா வெறுந்தரையில் கிடக்கிறாள். எந்தப் பெண் எந்தத் தலைவனுக்கு அடிமை என்பது பங்கீடாகிறது. மகள் கசாண்ட்ரா அகமெம்னானுக்கு; மருமகள் ஆண்ட்ரோமாக்கி, தன் கணவனைக் கொன்ற அக்கிலிஸின் மகனுக்கு; ஹெக்குபா ஒடிசியஸுக்கு. ஆண்ட்ரோமாக்கியின் கைக்குழந்தையை மதிலிலிருந்து எறிந்து கொல்கிறார்கள். பாட்டி அக்குழந்தையை அதன் தந்தையின் கேடயத்திலேயே கிடத்தி அடக்கம் செய்ய அனுப்புகிறாள். மெலோஸ் செய்தி ஆறுவதற்கு முன் இதைக் கண்ட மக்கள் என்ன நினைத்திருப்பார்கள் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை. அவ்வாண்டுப் போட்டியில் அவருக்கு இரண்டாம் இடமே கிடைத்தது. முதலிடம் பெற்ற செனாகிளிஸின் நாடகங்கள் இன்று நம்மிடம் இல்லை.

ஒன்றை மறக்கலாகாது. இந்நாடகங்களை எழுதியவர்கள் ஆடவர். முகமூடி அணிந்து ஹெக்குபாவாக நடித்தவர்களும் ஆடவர். கிரேக்க அரங்கில் பெண்ணின் துயரம் பேசப்பட்டது. அதைப் பேசியவள் பெண் அல்லள்.

இனி நம் இலக்கியத்துக்கு வருவோம். போர்க்குப் பிந்திய துயரத்துக்கு இலக்கணத்திலேயே இடம் வகுத்தவர்கள் தமிழர்கள். தொல்காப்பியம் புறத்திணையியலில், காஞ்சித்திணையின் துறைகளாக, கணவனை இழந்தவள் நோன்பிருக்கும் தாபதநிலையும், காட்டு வழியில் துணைவனைப் பறிகொடுத்துத் தனித்து நிற்கும் முதுபாலையும், செயலற்று இரங்கும் கையறுநிலையும் பெயர் பெற்று நிற்கின்றன. வெட்சி, வஞ்சி, உழிஞை, தும்பை என்று போரின் படிகளை வகுத்தவர்கள், போர் விட்டுச் செல்லும் வெறுமையையும் வகைப்படுத்தினார்கள். துயரத்துக்குப் பெயரிடுவதே அதை ஏற்றுக்கொள்வதன் முதற்படி.

புறநானூற்றின் 255ஆம் பாட்டில் ஒருத்தி, வீழ்ந்து கிடக்கும் தன் கணவனைத் தூக்கவும் வலியில்லாமல், புலி வருமென்று அஞ்சிக் கதறவும் முடியாமல் நிற்கிறாள். அடுத்த பாட்டில் இன்னொருத்தி, தன் கணவனுக்கு வனையும் தாழியைத் தனக்கும் சேர்த்துப் பெரிதாக வனையும்படி குயவனைக் கேட்கிறாள். 248இல் ஒக்கூர் மாசாத்தனார் காட்டும் பெண், இளமையில் தழையாடையாக உடுத்த ஆம்பலே கைம்மைக் காலத்தில் தனக்கு உணவாகிவிட்டதை எண்ணுகிறாள்.

பூதப்பாண்டியனின் தேவி பெருங்கோப்பெண்டு பாடிய 246ஆம் பாட்டு நீண்ட காலமாகக் கற்பின் பெருமைக்குச் சான்றாகவே போற்றப்பட்டு வருகிறது. பாண்டியன் போரில்தான் மாண்டானா என்று பாட்டு சொல்லவில்லை. ஆனால் அவள் பேச்சைக் கவனியுங்கள். தீப்பாய வேண்டாமெனத் தடுக்கும் சான்றோரை நோக்கியே அவள் சினக்கிறாள். கைம்பெண்ணுக்கு இவ்வுலகம் விதித்த உணவையும், பாயில்லாப் பரற்கல் படுக்கையையும் ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லி, இவ்வாழ்வினும் தீ எனக்குக் கொடிதன்று என்கிறாள். இதில் அன்பு உண்டு; சமுதாயத்தின் மேல் ஒரு குற்றச்சாட்டும் உண்டு. யூரிபிடிஸின் 'அடைக்கலம் வேண்டிய பெண்கள்' நாடகத்தில் எவாட்னி என்பவள், போரில் மாண்ட கணவனின் ஈமத்தீயில் குதிக்கிறாள். அதைக் கண்முன் காணும் முதிய தந்தையின் ஆற்றாமையையும் யூரிபிடிஸ் சேர்த்தே எழுதுகிறார். இவ்விரண்டையும் வெறும் புகழ்ப் பாட்டாகப் படிப்பது, அப்பெண்கள் சொன்னதில் பாதியைக் கேளாமல் விடுவதாகும்.

கிரேக்கத்துக்கும் நமக்கும் உள்ள பெரிய வேறுபாடும் இங்கேதான் இருக்கிறது. பெருங்கோப்பெண்டு தானே பாடியவள். காக்கைபாடினியார் நச்செள்ளையாரும் பெண்பாற் புலவரே. அவருடைய 278ஆம் பாட்டின் முதியவளை நாம் அனைவரும் அறிவோம். மகன் புறமுதுகிட்டான் என்று சிலர் சொல்லக் கேட்டு, வாளோடு களம் புகுந்து, பிணங்களைப் புரட்டித் தேடி, சிதைந்து கிடந்த மகனைக் கண்டு, ஈன்ற நாளினும் பெரிதாக மகிழ்ந்தாள் என்று அது முடிகிறது. மறக்குடிப் பெண்ணின் பெருமிதம் என்று பாடநூல்கள் கற்பித்தன. பாட்டின் துறையோ உவகைக் கலுழ்ச்சி. கலுழ்ச்சி என்றால் அழுகை. மகிழ்ச்சியை மட்டும் எடுத்துக்கொண்டு அழுகையை விட்டுவிட்டோம். குருதி படிந்த களத்தில் ஒவ்வோர் உடலாகப் புரட்டிச் செல்லும் அந்த முதிய கைகளை ஒரு பெண் கவிஞர் எழுதினார் என்பதை நாம் மீண்டும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

தோற்றவர் பக்கத்துக் குரலுக்குப் பாரி மகளிரே சான்று. பறம்பு வீழ்ந்து தந்தை மாண்டபின் அவர்கள் பாடிய 112ஆம் பாட்டு ஐந்தே அடிகள் கொண்டது. சென்ற திங்களின் நிலவும் இந்தத் திங்களின் நிலவும் ஒன்றே, அன்று தந்தையும் குன்றும் இருந்தன, இன்று இரண்டும் இல்லை, அவ்வளவுதான் செய்தி. வசை இல்லை, சூளுரை இல்லை. மூவேந்தரின் புகழ் நிறைந்த அதே தொகைநூலில், அவர்களால் அனைத்தையும் இழந்த பெண்களின் பாட்டும் இடம் பெற்றது நம் தொகுப்பாளர்களின் பெருமை.

ஆனால் கதை நிலவோடு முடியவில்லை. 116ஆம் பாட்டில் கபிலர் அம்மகளிரின் பின்னாளைக் காட்டுகிறார். தந்தையின் மலைமேல் ஏறி, போர்தொடுத்து வந்த வேந்தரின் குதிரைகளை எண்ணியவர்கள், இப்போது முள்வேலி சூழ்ந்த சிறுகுடிலின் அருகே, ஈத்திலைக் குப்பைமேல் ஏறி, உப்பு வணிகரின் வண்டிகளை எண்ணுகிறார்கள். பின்னர் கபிலர் அவர்களை மணம் கொள்ளும்படி விச்சிக்கோனிடமும் இருங்கோவேளிடமும் சென்று வேண்டினார், அவர்கள் இசையவில்லை. டிராய்ப் பெண்களை வென்றவர்கள் பங்கிட்டார்கள். பாரியின் பெண்களையோ ஏற்பார் இல்லை. இரண்டும் போரின் மறுநாளே. இத்தனை பாடல்களிலும் அம்மகளிரின் பெயர் இல்லை. அங்கவை, சங்கவை என்பன பிற்கால வழக்கில் வந்தவை.

இவையெல்லாம் ஏட்டில் உள்ளவை என்று எண்ண வேண்டா. 1801 மே 24 அன்று பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை கும்பினிப் படையிடம் வீழ்ந்தது. அப்போரில் கலந்துகொண்ட ஜேம்ஸ் வெல்ஷ் என்னும் ஆங்கிலேய அதிகாரி 1830இல் வெளியான தம் நினைவுக் குறிப்புகளில் ஒரு நிகழ்ச்சியை எழுதியிருக்கிறார். போருக்குப் பின் பக்கத்துக் கிராமத்துப் பெண்கள் தம் உறவினரைத் தேடி உடல்கள் கிடந்த இடத்துக்கு வந்தார்கள். ஒரு தாய் தன் மகனை உயிர் ஊசலாடும் நிலையில் கண்டாள். அவனோ, தன்னை விட்டுவிட்டு அருகே காயமுற்றுக் கிடக்கும் ஊமைத்துரையைக் காப்பாற்றும்படி அவளை வேண்டினான். தாய் அவ்வாறே செய்தாள். பெண்கள் ஊமைத்துரையைத் தூக்கி வந்து வீட்டில் கிடத்தினார்கள். எட்டயபுரத்து ஆட்கள் தேடி வந்தபோது, அவர் உடலைத் துணியால் மூடிச் சூழ்ந்து அமர்ந்து ஓலமிட்டார்கள். பிள்ளை அம்மை கண்டு இறந்துவிட்டான் என்றார்கள். வந்தவர்கள் அஞ்சி ஓடினார்கள்.

நச்செள்ளையாரின் முதியவளுக்கும் இந்தத் தாய்க்கும் இடையே ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகள். தேடல் ஒன்றே. ஆனால் இவள் மகனின் வீரச்சாவு கண்டு மகிழ்ந்து நிற்கவில்லை. தன் மகனை விட்டு இன்னொருத்தி பெற்ற மகனைத் தூக்கினாள். அப்பெண்களின் கையில் வேறு படைக்கலம் இல்லை. அவர்கள் அறிந்திருந்தது ஒப்பாரி. அதனாலேயே ஓர் உயிரைக் காத்தார்கள். ஊமைத்துரை பின்னர்ப் பிடிபட்டு, அதே ஆண்டு நவம்பரில் பாஞ்சாலங்குறிச்சியில் தூக்கிலிடப்பட்டார். அவர் பெயர் நிலைத்தது. அந்தத் தாயின் பெயர் வெல்ஷின் குறிப்பில் இல்லை. பாரசீகத் தாயைக் கிரேக்கர் எழுதியதுபோல, நம் தாயை எதிர்ப்படையில் இருந்த ஒருவர் எழுத வேண்டியிருந்தது.

நம் காலத்துக்கும் இதில் ஒரு பகுதி உண்டு. ஈழத்தில் போர் மூண்ட தொடக்க ஆண்டுகளிலேயே, 1986இல், யாழ்ப்பாணத்துப் பெண்களின் கவிதைகள் 'சொல்லாத சேதிகள்' என்னும் தொகுப்பாக வந்தன. 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் போர் முடிந்தது. 2017 பிப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார்கள், பிள்ளைகளின் படங்களைக் கையில் ஏந்தித் தெருவோரத்தில் அமர்ந்து தொடர் போராட்டத்தைத் தொடங்கினார்கள். விடை கிடைக்காமலே அவர்களில் பலர் காலமாயினர். சோபோகிளிஸின் ஆண்டிகனிக்குத் தன் அண்ணனின் உடல் எங்கே கிடக்கிறது என்று தெரியும். அதை அடக்கம் செய்யும் உரிமைக்காகவே அவள் உயிரைக் கொடுத்தாள். நச்செள்ளையாரின் முதியவளுக்கும் மகனின் உடல் கிடைத்தது. இத்தாய்மார்களுக்கு அதுவும் இல்லை. ஒப்பாரி வைத்தால் பிள்ளை இறந்துவிட்டான் என்று ஏற்றுக்கொண்டதாகிவிடும். ஆகவே அவர்கள் அழுகையைக் கேள்வியாக மாற்றிக்கொண்டார்கள். இந்நிலைக்கு நம் இலக்கணத்தில் துறையும் இல்லை, பெயரும் இல்லை. அதற்குப் பெயரிடும் பொறுப்பு இக்காலக் கவிஞர்க்கு உரியது.

அன்பர்களே, வீரரைப் பாட வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. களத்தில் விழுந்தவனைப் பாடும்போது, மறுநாள் அவனைத் தேடி வந்தவளையும் பாடுங்கள் என்றே கேட்கிறேன். அவளைத் தெய்வமாக்கவும் வேண்டா. மறக்குடி மகள் என்று பட்டம் சூட்டவும் வேண்டா. அவள் என்ன சொன்னாள் என்று கேட்டு எழுதினாற் போதும். ஐந்து அடிகள் கொண்ட பாரி மகளிர் பாட்டு இன்றும் வாழ்வது அதனால்தான்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். நம்மைச் சுற்றியுள்ள ஊர்களில் ஒப்பாரி பாட அறிந்த முதிய பெண்கள் இன்றும் இருக்கிறார்கள். கணவனுக்காக, மகனுக்காக, உடன்பிறந்தவனுக்காக அவர்கள் கட்டிய பாட்டுகள் அவர்களோடு மறைந்து வருகின்றன. வட்டத்தின் அடுத்த பத்தாண்டுப் பணிகளுள் ஒன்றாக, உறுப்பினர் ஒவ்வொருவரும் தத்தம் ஊரில் ஒருவரையேனும் அணுகி, அவர் இசைவு பெற்று, அப்பாட்டுகளை எழுதி வைப்போமாக. பாட்டின் கீழே, பாடியவரின் பெயரை அவர் விரும்பும் வண்ணம் குறிப்போமாக. பாஞ்சாலங்குறிச்சித் தாய்க்கு நாம் இழைத்த குறையை இனி வருவோர்க்கு இழைக்காதிருக்க அது உதவும்.