நாலு மணிக்கு அடிக்கும் மணி

நொறுங்கத் தின்றால் நூறு வயது என்பார்கள் பெரியவர்கள். நன்றாக மென்று சாப்பிடு என்பது அதற்குப் பொருள். நொறுக்குத்தீனி தின்றால் நூறு வயது என்று நான்தான் மாற்றிப் புரிந்துகொண்டேன் போலிருக்கிறது.

எடையைக் குறைப்பதென்று முடிவெடுத்தேன். காலையில் முக்கால் மணி நேர நடை, ராத்திரி சோற்றுக்குப் பதில் இரண்டு சப்பாத்தி, காபியில் பாதிச் சர்க்கரை. மூன்று மாதம் ஒழுங்காகத்தான் இருந்தேன். எடை மெஷினில் முள் அசையவில்லை.

காரணம் அடுப்புக்குப் பக்கத்திலேயே, கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்திருந்தது. ஓர் எவர்சில்வர் டப்பா. உள்ளே மிக்சர். தட்டில் போட்டு உட்கார்ந்து தின்றால்தானே சாப்பாடு? போகிறபோது ஒரு பிடி, வருகிறபோது ஒரு பிடி, இதெல்லாம் கணக்கில் சேராது என்றிருந்தேன்.

ஒரு நாள் சந்தேகம் வந்தது. அன்றைக்கு அள்ளிய ஒவ்வொரு பிடியையும் வாயில் போடாமல் கிண்ணத்தில் போட்டுவைத்து, சாயங்காலம் நிறுத்துப் பார்த்தேன். 50 கிராம்! இதென்ன பெரிதா என்று தோன்றும். ஆனால் மாவுச்சத்து ஒரு கிராமுக்கு 4 கலோரி என்றால், கொழுப்பு 9 கலோரி. எண்ணெய் குடித்த பண்டம் என்பதால் அந்த 50 கிராமிலேயே சுமார் 250 கலோரி. அதைக் கரைக்க ஏறக்குறைய ஒரு மணி நேரம் வேகமாக நடக்க வேண்டும். காலையில் நடந்து கழித்ததை, சாயங்காலம் நின்றபடியே தின்று வட்டியோடு திரும்பச் சேர்த்துக்கொண்டிருக்கிறேன்.

சரி, பசித்தா தின்றேன்? அதுதான் இல்லை. ரஷ்ய விஞ்ஞானி இவான் பாவ்லோவ், செரிமானம் பற்றிய ஆய்வுக்காக 1904-இல் நோபல் பரிசு பெற்றவர். நாய்களுக்கு உணவு வைக்கும்போதெல்லாம் ஓர் ஒலியைக் கேட்கச் செய்தார். சில நாள் கழித்து, உணவே வைக்காமல் ஒலியை மட்டும் எழுப்பினாலும் அவற்றின் வாயில் எச்சில் ஊறியது. நம் வீட்டிலும் அப்படிப்பட்ட மணிகள் உண்டு. டீ கொதிக்கும் வாசனை ஒரு மணி. சீரியல் தொடங்கும் இசை ஒரு மணி. பிள்ளைகள் பள்ளிக்கூடப் பையைப் பொத்தென்று போடும் சத்தம் இன்னொரு மணி. மணி அடித்ததும் கை தானாக டப்பாவுக்குப் போகிறது. வயிற்றை யாரும் கேட்பதில்லை.

வயிற்றைக் கேட்பதற்கு நான் வைத்திருக்கும் பரீட்சை, ஆறின இட்லி. சட்னி, சாம்பார் எதுவும் இல்லாமல் இரண்டு ஆறின இட்லி வைத்தால் இப்போது சாப்பிடுவேனா? சாப்பிடுவேன் என்று பதில் வந்தால் அது பசி. ஐயோ, இட்லி வேண்டாம், முறுக்கு இருந்தால் தேவலை என்று வந்தால் அது வெறும் நாக்கு.

சில நாள் நிஜமாகவே இட்லி வேண்டியிருந்தது. அப்போதுதான் மதியச் சாப்பாட்டின் குறை தெரிந்தது. ரசம் சோறும் அப்பளமும் நாலு மணி வரை தாங்காது. பருப்பைக் கூட்டினேன், கீரையோ முட்டையோ சேர்த்தேன். அப்படியும் பசித்தால் ஒரு கிண்ணம் சுண்டல். வெந்த கொண்டைக்கடலை 100 கிராமில் சுமார் 160 கலோரிதான். புரதமும் நார்ச்சத்தும் இருப்பதால் வயிறு நிறைந்து நிற்கும். மெல்ல வேண்டியிருப்பதால் வாய்க்கும் வேலை கிடைக்கிறது. நீரிழிவுக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொள்பவர்கள் மட்டும் இடைத்தீனியைத் தாங்களாக நிறுத்திவிடாதீர்கள். மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு மாற்றுங்கள்.

அடுத்து, டப்பாவைப் பரணில் ஏற்றினேன். டீயை அடுப்படியில் குடிக்காமல் திண்ணைக்குக் கொண்டுபோனேன். பழைய மணி இரண்டு வாரம் அடித்தது. பிறகு ஓசை குறைந்தது.

விருந்துக்குப் போகிற இடத்தில்தான் சோதனை. “ஒண்ணே ஒண்ணு எடுத்துக்கோங்க” என்று தட்டை நீட்டுவார்கள். மறுத்தால் மனம் கோணும். “பொட்டலம் கட்டிக் குடுங்க அக்கா, வீட்டுல பிள்ளைங்க சாப்பிடுவாங்க” என்பேன். அவர்களுக்கும் சந்தோஷம், பிள்ளைகளுக்கும் சந்தோஷம்.

தவறாமலும் இல்லை. ஒரு தீபாவளியன்று காலையிலேயே மூன்று அதிரசம். முழுக்க நனைந்த பிறகு முக்காடு எதற்கு என்று அன்று முழுவதும் தின்று தீர்த்தேன். எடை குறைப்பவர்களைக் கவிழ்ப்பது பெரும்பாலும் அந்த மூன்று அதிரசம் இல்லை, அதற்குப் பின்னால் வரும் இந்தப் பழமொழிதான். நனைந்தால் துவட்டிக்கொள்ளலாம். அடுத்த வேளைச் சாப்பாடு வழக்கம்போல் இருந்தால் போதும்.

டப்பா இன்றும் பரணில்தான் இருக்கிறது. காலியாக இல்லை. ஸ்டூல் போட்டு ஏறினால்தான் எட்டும். பாதி நாள் ஸ்டூலைத் தேடும்போதே ஆசை போய்விடும். போகாத நாளில் ஏறி, ஒரே ஒரு முறுக்கு எடுத்து, தட்டில் வைத்து, உட்கார்ந்து, பெரியவர்கள் சொன்னபடியே நொறுங்கத் தின்கிறேன்.